குழாய் வேண்டாம் என்று சொன்னவர்

கட்டிங் மாஸ்டர் அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டார். இரண்டு தடவை டேப்பைப் பிடிப்பார். அப்புறமும் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவார். அப்படிப்பட்ட மனுஷன் வாயை மட்டும் இஷ்டத்துக்குத் திறந்து தொலைத்தார்.

முந்தின நாள் டிவியில் அவருடைய சொந்த ஊர் வேட்பாளர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் விவாதம் செய்தார்கள். மேட்டுத்தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் போடுவேன் என்றார் டீச்சரம்மா. கிணறு இருக்கும்போது குழாய் எதற்கு, ஊர் வாசலில் அழகாக ஒரு வளைவு கட்டலாம் என்றார் மில் முதலாளி. மாஸ்டர் அந்த மேட்டுத்தெருவை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். ஓட்டு மட்டும் இன்னும் அங்கேதான், அக்கா வீட்டு விலாசத்தில்.

மறுநாள் தையல் கடை வாசலில் மைக்கோடு ஒரு பெண் வந்து நின்றாள். வெளியூரில் பிழைக்கும் வாக்காளர்களின் கருத்து வேண்டுமாம். "நம்ம மாஸ்டர் அந்த ஊர்தாம்மா!" என்று காஜா எடுக்கிற பெரியவர் போட்டுக் கொடுத்தார். மாஸ்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றார்.

"குழாய்த் திட்டம் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?"

"எங்க கிணத்துத் தண்ணி குடிச்சிருக்கீங்களாம்மா? தேன்! காலையில எங்க அக்கா தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம் வெச்சுக்கிட்டு கிணத்தடியிலேருந்து அறுபது படியும் ஏறி வர்ற அழகு இருக்கே... குழாய் வந்தா அதெல்லாம் போயிடும். எங்க ஊரை அப்படியே விட்டுடுங்கம்மா."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமான ஏக்கம்தான். ஆனால் இங்கே வாடகை வீட்டில் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற ஆசாமி இவர். அது மட்டும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரவில்லை.

சாயங்காலம் டிவியில் வந்தது. கடையே கைதட்டியது. பெருமை தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, டிவி பாத்தியா?"

"தெருவே பாத்துச்சுடா. ஏன்டா இப்படி மெலிஞ்சுட்டே?"

"அதை விடு. நான் பேசினது எப்படி?"

"மில் முதலாளியோட ஆளுங்க அதை செல்போன்ல போட்டு வீடு வீடா காட்டுறாங்கடா. குழாய் வேணும்னு நாங்க கையெழுத்து வாங்கிட்டிருந்தோம். எட்டு வீட்டுல போட்ட கையெழுத்தை அடிச்சுடச் சொல்லிட்டாங்க. 'உன் தம்பியே வேணாங்கிறான், நீ எதுக்கு அலையறே'ன்னு கேக்கறாங்க."

"நீயா அலையறே?"

"வேற யாரு? முதுகுல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு நான்தான். டாக்டர் வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. உன்கிட்ட சொன்னா கவலைப்படுவேன்னு விட்டுட்டேன்."

அந்த அழகை மாஸ்டர் எங்கே இருந்து பார்த்தார்? போர்வைக்குள் இருந்து. குடத்தை இறக்கிவிட்டு அக்கா எழுப்புவாள். இவர் அதில் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். அவள் தினமும் கடைசி பெஞ்சுக்கு நேரங்கழித்துப் போய்த் திட்டு வாங்குவாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட இவர் குடத்தைத் தொட்டதில்லை. சீ, என்ன ஜென்மம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். காஜா எடுக்கிறவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மறுநாள் டிவி ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார். "தப்பாச் சொல்லிட்டேம்மா. குழாய் வேணும். இன்னொரு தடவை எடுங்க."

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான் சார். நாங்க அடுத்த தொகுதிக்கு வந்துட்டோம்."

உடனே அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, நான் கிளம்பி வர்றேன். அந்த எட்டு வீட்டுக்கும் நானே போய், நான் பேசினது தப்புன்னு சொல்றேன். இருந்து ஓட்டும் போட்டுட்டு வர்றேன்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "வாடா ராசா! ஆறு வருஷமாச்சேடா உன்னைப் பாத்து! தனியா வர்றியா, எல்லாரையும் கூட்டிட்டு வர்றியா? இப்பவே சொல்லிடு. குளிக்க, துவைக்கன்னு ரெண்டு நாளைக்கு முன்னாலேருந்தே நான் தண்ணி எடுத்து வைக்கணும்."

எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்த மாஸ்டர், எத்தனை குடம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.