வியாழக்கிழமை பாரபேலா

பஞ்சாங்கத்தைத் திட்டி ஏழு கட்டுரை எழுதியவன் நிபாரண் சக்லாதார். நல்ல நேரம் பார்த்துக் கொட்டாவி விடுகிற ஜனங்களுக்கு சுயராஜ்யம் எந்த நட்சத்திரத்தில் வரும் என்று அவன் கேட்டிருந்த கேள்வியைக் கல்கத்தாக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவனுடைய பத்திரிகையை சர்க்கார் இழுத்து மூடியது. அதற்குப் பிறகு அவன் சோற்றுக்கு வந்து சேர்ந்த இடம், சித்பூர் ரோட்டில் கோஷ்டோ பாபுவின் பஞ்சாங்க அச்சுக்கூடம். திதியிலும் நட்சத்திரத்திலும் பிழை திருத்தும் வேலை. நண்பர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், வேறு காரணத்துக்காக.

பஞ்சாங்கத்துக்குள் எந்தப் போலீஸ்காரனும் புரட்சியைத் தேட மாட்டான் என்பது அவன் கண்டுபிடிப்பு. ரோஜா நிற அட்டை. அட்டையில் பத்துக் கை துர்க்கை. உள்ளே அவன் எழுதிய அறுபது பக்கம்: ‘நாற்காலியைக் காலி செய்’. மூவாயிரம் பிரதி.

அன்று வங்காள வருஷம் முடிகிற சைத்ர மாதத்துக் கடைசி வியாழன். கட்டுகளுக்கெல்லாம் சணல் கயிறு போட்டாகிவிட்டது. கட்டுகள் சியால்தாவில் ஐந்தரை மணி ரயிலைப் பிடித்தால் மறுநாள் கிழக்கு வங்காளத்துப் பாரிஸால். பிடிக்காவிட்டால் கட்டுகளும் அவனும் லாக்கப். இடையில் வேறு ஊர் கிடையாது.

மூன்று மணிக்கு நாலு கான்ஸ்டபிள்களோடு இன்ஸ்பெக்டர் துர்காபதோ லாஹிரி வந்து சேர்ந்தார். நிபாரண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். லாஹிரி வலது காலை வாசற்படிக்கு மேலே தூக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். தூக்கிய காலை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு எதிரே சர்பத் கடைக்குப் போய் முக்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் பாரபேலா. நம் ராகுகாலத்துக்கு மூத்த அண்ணன். அதில் தொடங்கிய காரியம் விளங்காது என்பது வங்காளத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். லாஹிரி போட்டிருந்தது வெள்ளைக்காரத் தையல்காரர் தைத்த கோட்டு; அதன் பையில் துரை கையெழுத்திட்ட வாரண்ட். ராஜா பிறந்தநாள் பட்டப் பட்டியலில் ராய் சாஹேபிலிருந்து ராய் பகதூராக உயரப்போகிறார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்ப் பாரபேலாவில் பணயம் வைக்க அவர் ஏமாளியா? அஸ்தமனம் ஆகும்வரை அச்சுக்கூடத்துக்குள் போலீஸ்காரர் யாரும் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு அவரே முதலில் கட்டுப்பட்டார்.

உள்ளே கோஷ்டோ பாபு வேஷ்டி நுனியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து வேஷ்டியே ஈரமாகிவிட்டது.

“கொளுத்திடலாம்டா நிபாரண். அவன் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

“கொளுத்தினா புகை வரும் பாபு. வண்டி போனா தூசிதான் வரும்.”

அவன் கை மையைக் கழுவினான். லீவில் போயிருந்த பஞ்சாங்கப் பண்டிதரின் ஹரிநாமம் அச்சிட்ட சால்வை ஆணியில் தொங்கியது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, கட்டுகளை ஏற்றச் சொல்லி வண்டிக்காரனை அதட்டினான். கடைசிக் கட்டு ஏறியபோது லாஹிரி எழுந்து வந்தார்.

“என்ன மூட்டை?”

“புது வருஷப் பஞ்சாங்கம். இது போகலேன்னா பாரிஸால் ஜில்லாவே நேரம் காலம் தெரியாம முழிக்கும். அந்தப் பாவம் உங்க தலையில.”

“பஞ்சாங்கத்தைத் திட்டின கையா மோஷாய் இது?” ‘ஐயா’ என்கிற அந்த மோஷாயில் கேலி இருந்தது.

“வயிறுன்னு ஒண்ணு இருக்கே, ராய் சாஹேப்.”

லாஹிரிக்கு அந்தப் பதில் இனித்தது. தேசபக்தர்கள் பசியில் வளைவதைப் பார்ப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சிரித்துக்கொண்டே ஒரு கட்டின்மேல் கை வைத்து, ஒரு பிரதியை உருவச் சொன்னார்.

முதல் பக்கத்து முதல் வரியே துரைமார் நாற்காலிக்குத் திண்டு தைத்துக் கொடுக்கும் கனவான்களைப் பற்றியது. பதினேழு தடவை அடித்து எழுதிய வரி. படிக்கட்டுமே, முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாமே என்றுகூட நிபாரணுக்கு ஒரு கணம் தோன்றியது. எழுத்தாளன் புத்தி. அதை அடக்கிக்கொண்டு, சால்வையைச் சரிசெய்தான்.

“உருவலாம், தடையில்லை. ஆனா புரோகிதர் வாயால வருஷப்பலன் கேட்கறதுக்கு முன்னாடி, அதுவும் பாரபேலாவுல, புதுப் பஞ்சாங்கத்தை யார் முதல்ல திறக்கறாங்களோ, அந்த வருஷத்துக் கெட்ட பலன் மொத்தமும் அவங்களுக்குத்தான்.”

“அப்படி எங்கே சொல்லியிருக்கு?”

நிபாரண் நின்ற நிலையில் ஒரு சுலோகம் கட்டிச் சொன்னான். இலக்கணம் இரண்டு இடத்தில் நொண்டியது. லாஹிரிக்கு சமஸ்கிருதம் அத்துப்படி என்று ஊரில் பேர். ஆகவே அவர் தலையாட்டினார்.

“இந்த வருஷம் கெட்ட பலன் என்ன?” குரல் இறங்கியிருந்தது.

“நானே பிழை திருத்தினேன். உத்தியோகத்துல இருக்கறவங்களுக்குப் பட்டம் பதவி கைக்கு எட்டி நழுவும்.”

லாஹிரி திரும்பி, மூத்த கான்ஸ்டபிளைத் திறக்கச் சொன்னார். திவாரி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினான்.

“ஹுஜூர், நான் பிள்ளைகுட்டிக்காரன். ஹவில்தார் வேலை வேற வரப்போகுது.”

மற்ற மூன்று பேரும் டிராம் கம்பியில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். லாஹிரி கட்டிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

“போகச் சொல்லுங்க. மழை வரும்போல இருக்கு. பஞ்சாங்கம் நனையக் கூடாது.”

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. திவாரியே முன்னால் போய் டிராமை நிறுத்தி வண்டிக்கு வழி விட்டான்.

பத்து வருஷம் நியாயம் எழுதி ஒரு போலீஸ்காரனையும் ஓரடி நகர்த்த முடியவில்லை. பொய்யாக ஒரு சுலோகம், நாலு பேர் விலகி நிற்கிறார்கள். நிபாரணுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வண்டி முனை திரும்பியதும் உறுத்தல் போய்விட்டது. கூடப் போனால் சந்தேகம் வரும் என்று அவன் அச்சுக்கூடத்துக்குள் திரும்பினான்.

வீடுகளில் அந்திச் சங்கு ஊதியதும் லாஹிரி வலது காலை வைத்து உள்ளே வந்தார். ரயில் கிளம்பி அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. ஈய எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், மைப் பீப்பாயில் கம்பு விட்டுத் துழாவினார்கள். கிடைத்ததெல்லாம் அசல் பஞ்சாங்கம். வெறுங்கையோடு துரை முன்னால் நிற்க முடியாது; விசாரணைக்கென்று நிபாரணைக் கிளம்பச் சொன்னார். நிபாரண் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். ஆறு மாதம் உள்ளே வைப்பார்கள். அதற்குள் பாரிஸாலில் ஒவ்வொரு பிரதியையும் பத்துப் பேர் படித்திருப்பார்கள்.

வாசலில் கோஷ்டோ பாபு ஓடிவந்து அவன் காதோரம் கேட்டார்:

“அந்த சுலோகம் நிஜமாவே இருக்காடா? நம்ம பஞ்சாங்கத்துல இல்லையே.”

லாஹிரியின் காதிலும் அது விழுந்துவிட்டது. “இல்லையா? என்ன பஞ்சாங்கம் போடறீங்க மோஷாய்? இவ்வளவு முக்கியமான விஷயம். அடுத்த பதிப்புல கொட்டை எழுத்துல போடுங்க.”

“போட்டுடுங்க பாபு,” என்றான் நிபாரண். “அதுல ரெண்டு பிழை இருக்கு. ஜெயில்லேர்ந்து திருத்தி அனுப்பறேன்.”