மேன்னு ஒரு பேரு

ராஜம்மாவுக்கு அன்றைக்கு யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. கொரட்டூர் அக்குபங்சர் கிளினிக்கில் அவள் புருஷன் துலுக்கானத்தின் மண்டை முழுக்க ஊசி. வாதம் வந்து வலது கை விழுந்தபோது கூடவே பேச்சும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி மருந்தோடு இதுவும் நடக்கட்டும் என்று மகள் ஜீவாதான் இங்கே சேர்த்துவிட்டாள். கைக்குத் தனி ஊசி. அதில் ஒயரை மாட்டி டாக்டர் சபீனா லேசாகக் கரண்ட் விட்டால் விரல்கள் தன்னால் துள்ளும். கை கொஞ்சம் தேறியிருந்தது. தண்ணி, சோறு, வலி என்று பேச்சும் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தது.

"இவங்க யாரு? பேர் சொல்லுங்க பாப்போம்," என்று சபீனா வழக்கம்போல ராஜம்மாவைக் காட்டிக் கேட்டாள்.

துலுக்கானம் திருதிருவென்று முழித்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

சோறு ஞாபகம் கீது, ஆக்கிப் போட்டவ ஞாபகம் இல்லியா? ராஜம்மாவுக்கு வயிறு எரிந்தது.

என்ன வாய் அது! இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிவிட்டு செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தால், மேனாம்பேட்டுத் தெருமுனையிலேயே சைக்கிள் மணியோடு குரலும் வந்துவிடும். அவள் குழம்பைச் சூடு பண்ண எழுந்துவிடுவாள். மழை பெய்து ஏரி நிரம்பினால் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். வறுத்த மீன் வாங்கி, முள்ளெடுத்துக் கொடுத்து, அந்தக் குரலாலேயே வம்பிழுப்பார். அந்த மனுஷனுக்கா தன்னைத் தெரியவில்லை?

அழுவதை அவர் பார்க்கக் கூடாதென்று எழுந்து வாசலுக்குப் போனாள்.

"மே!"

செருப்பில் கால் நுழைத்தவள் அப்படியே நின்றாள். அதே குரல், கொஞ்சம் கோணலாக.

"எங்க... போறே மே?"

ராஜம்மா தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சபீனா பயந்துபோனாள்.

"ஐயோ டாக்டரம்மா, நான் ஒரு கூறுகெட்டவ! கல்யாணம் கட்ன நாள்லேந்து இந்தாளு என் பேரச் சொன்னதே இல்ல. மே தான், எல்லாத்துக்கும் மே தான். எனக்கே அது தோணல பாரேன்!"

சபீனா சிரித்துவிட்டாள். "அப்ப பேரையும் பழகிடலாம். சொல்லுங்க சார், ரா..."

"ரா... ரா..." துலுக்கானம் மண்டை ஊசியோடு பாடுபட்டார்.

ராஜம்மா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். "வாணாய்யா. வேற யாரியோ கூப்புடுற மாதிரி கீது. நீ மேன்னே கூப்புடு."