மூன்றாவது கல்

தேவாலயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கொடியில், குழந்தைத் துணிகளுக்கு நடுவே சாமியின் மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது. ராசப்பன் அதைப் பார்த்தபடி நின்றார். சரிந்த மண்ணில் தம்பி தனபாலைத் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இன்றும் கிடைக்கவில்லை. முழங்கால்வரை சேறு காய்ந்து இறுகியிருந்தது. கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை.

மழையில் மலை சரிந்த அன்று ஊரே கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. பூசாரியான அவர் எடுத்துவந்தது சாமிக் கல்லை. துணி சுற்றிய உருவத்தைத்தான் ஊர் கும்பிடும். துணியை அவிழ்த்துக் கல்லைப் பார்ப்பது வருசத்துக்கு ஒருமுறை, அதுவும் பூசாரி மட்டும். இன்னொரு சாமியின் கூரைக்குள் கொண்டுபோகக் கூடாதென்று, அதைச் சாக்கில் பொதிந்து சமையல் கொட்டகைக்கு வெளியே சுவரோரம் வைத்திருந்தார். சாமி பக்கத்திலேயே இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் ஊர் தேவாலய மண்டபத்தில் தங்கச் சம்மதித்தது. இல்லையென்றால், விரிசல் விட்ட சரிவில் மிச்சமிருக்கும் வீடுகளுக்கே ஏறிப் போயிருப்பார்கள்.

சுவரோரம் சாக்கு இல்லை.

கொட்டகைக்குள் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துறையூரிலிருந்து சபையாரோடு உதவிக்கு வந்திருந்த அருள்மேரி கிளறிக்கொண்டிருந்தாள். அண்டாவுக்கு அடியில் மூன்று கற்கள். மூன்றாவதன் ஒரு பக்கத் தோள் தேய்ந்திருந்தது. அப்பன் போன பிறகு வருசா வருசம் அவர் எண்ணெய் தடவிய தோள். பாதிக்குமேல் கரி ஏறியிருந்தது.

"அந்தக் கல்லு..." என்றார்.

"காலையில ஒரு அடுப்புக்கல்லு சூட்டுல வெடிச்சுப்போச்சுங்கய்யா. தேடுனப்ப இதுதான் கெடச்சுது. வாட்டமா ஒக்காந்துக்கிச்சு, ஆடவே இல்ல. சுத்தியிருந்த துணி நனைஞ்சு நாறிப் போயிருந்துச்சு, அலசிப் போட்டேன். உங்களுதா?"

"துணி எங்களுதுதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பயமும் வரவில்லை. காலைக் கஞ்சியை ஊரே குடித்துவிட்டது. இப்போது சொன்னால் ஒருவரும் இங்கே நிற்க மாட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். மேலே மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. மதியம் அவர் கண்ணால் பார்த்ததுதான்.

மனைவி முனியாயி தட்டோடு வந்தாள். "ஏனுங்க, சாமித் துணி கொடியில கெடக்குது?"

"நனைஞ்சிருந்துச்சு. நாந்தான் போடச் சொன்னேன்."

"சாமி?"

"பத்திரமா இருக்குது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வரிசையில் நின்ற சின்னராசு குரல் கொடுத்தார். "பூசாரி, இந்த ஈரத்துல சாமிக்குக் குளிராதா? இவங்ககிட்டக் கம்பளி நெறையா இருக்குது, ஒண்ணு வாங்கிப் போடறது."

"குளிரல."

"கேட்டுட்டு வந்தீங்களாக்கும்?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். மலை சரிந்த பிறகு அவர்கள் சிரித்து அவர் இப்போதுதான் கேட்டார். அடுப்பருகே குத்தவைத்து, தட்டை ஒரு கையில் பிடித்தபடி, எரிகிற விறகை மறு கையால் மற்ற இரண்டு கற்களின் பக்கமாகத் தள்ளினார்.

"தள்ளாதீங்கய்யா, ஒரு பக்கம் வேகாது" என்று அருள்மேரி விறகைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டாள். "பசியில நிக்கிறாங்கல்ல."

தீ எழும்பியது. அவள் துடுப்பைத் தேடித் திரும்புவதற்குள் கஞ்சி பொங்கி, விளிம்பைத் தாண்டி, அந்தத் தேய்ந்த தோள்மீது வெள்ளையாக வழிந்தது. ராசப்பன் எழுந்து நின்றார். கும்பிடக் குவிந்த இரண்டு கைகளுக்கும் நடுவே தட்டு இருந்தது.