சிரித்தவர்களின் பெயர்

நெவேனாவும் வுகாஷினும் நோவி சாத் பொறியியல் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வெள்ளம் வந்த ஒரு வருஷம் கரையில் மணல் மூட்டை அடுக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் அந்த யோசனை வந்தது. எந்த ஊரில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் ஒரு கணினி நிரல். காசு கிடையாது, மூடுமந்திரம் கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். 'வொதோஸ்தாய்' என்று பெயர் வைத்தார்கள். நீர்மட்டம் என்று அர்த்தம். சில வருஷங்களில் மீனவர்களும் படகுக்காரர்களும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தார்கள்.

வுகாஷின் கை வைத்தால் வேலை முடிந்தது. மற்றவர்கள் வாரக்கணக்கில் முட்டி மோதும் இடத்தை அவன் ஒரு சாயங்காலத்தில் சரி செய்துவிடுவான். வாய்தான் பொல்லாதது. புதிதாக வருகிறவர்கள் அனுப்பும் திருத்தத்தை, எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே கிழித்துத் தோரணம் கட்டுவான். வந்தவர்கள் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நெவேனா அவர்களுக்குத் தனியாக எழுதுவாள்: "மனசுல வெச்சுக்காதீங்க, அவன் அப்படித்தான்." அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வாள். திரும்பி வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

எமெஷே என்ற புவியியல் டீச்சரும் அப்படி வந்தவர்தான். தீசா ஆற்றங்கரையில் கன்யீஷா ஊர்க்காரர். பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய் அளவுப்பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தபோது, பலகை காட்டியதைவிட நிரல் அரை மீட்டர் குறைவாகக் காட்டுவதைக் கவனித்திருக்கிறார். பாலம் வேலை நடந்தபோது பலகையைக் கழற்றி வேறு உயரத்தில் மறுபடி நட்டிருந்தார்கள்; நிரல் பழைய உயரத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் விசாரித்து, தட்டுத்தடுமாறி ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார்.

வுகாஷின் அதை ஏற்காமல் ஒரே வரியில் மூடினான்: "டீச்சர் ஆத்தையே திருத்த வந்துட்டாங்க. மொதல்ல பசங்க வீட்டுப்பாடத்தைத் திருத்தட்டும்."

நெவேனா காபி குடித்துக்கொண்டே அதைப் படித்தாள். சிரிப்பு வந்தது. அந்த வரிக்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்றை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். திருத்தத்தை அவள் படிக்கவே இல்லை.

அடுத்த வசந்தத்தில் தீசா பெருகியது. கன்யீஷா துடுப்புப் படகுச் சங்கத்தார் நிரலைப் பார்த்தார்கள். தண்ணீர் படகுக் கொட்டகையைத் தொட இன்னும் அரை மீட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். விடிந்து வந்து பார்த்தால் கொட்டகைக் கதவு பெயர்ந்து கிடந்தது. படகுகள் ஆற்றோடு போயிருந்தன. நல்லவேளை, ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

சங்கத்துச் செயலாளரின் கோபமான கடிதம் வந்தபிறகு நெவேனா தேடினாள். மூடிக் கிடந்த அந்தப் பக்கம் அகப்பட்டது. கீழே சிரிக்கும் முகம். யார் சிரித்தது என்று சுட்டியை வைத்தால் காட்டும். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

பஸ் ஏறி கன்யீஷா போனாள். எமெஷே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகையில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்.

"நான் நெவேனா. வொதோஸ்தாய்ல இருந்து."

எமெஷே மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். ஹங்கேரிய இழுவையோடு மெதுவாகப் பேசினார். "அவர் கிண்டல் பண்ணினப்ப கோவம்தான் வந்துச்சு. பதில் எழுத உட்கார்ந்தேன். அப்புறம் பார்த்தா நீங்களும் சிரிச்சிருந்தீங்க. ஆரம்பிச்சவங்களே சிரிக்கிறாங்கன்னா நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்னு விட்டுட்டேன்."

"நான் நீங்க எழுதினதைப் படிக்கவே இல்லை."

"அது இன்னும் மோசம்" என்றார் எமெஷே. பிறகு இன்னொரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார். "வந்ததுதான் வந்தீங்க, அந்த மூலையைப் பாருங்க."

திரும்பி வந்ததும் நிரலைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களோடு பேசினாள். வுகாஷின் நிரல் எழுதட்டும், ஆனால் வெளியார் அனுப்புவதை மூடும் உரிமை இனி அவனுக்கு வேண்டாம் என்று முடிவானது. "நானே சொல்றேன்" என்றாள் நெவேனா. ஒவ்வொரு நாளும் போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். அவள் அப்பா செத்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்தவன் அவன்.

அதற்குள் புனித ஜார்ஜ் திருநாள் வந்துவிட்டது. வுகாஷின் வீட்டு ஸ்லாவா, குலப் புனிதருக்கு எடுக்கும் விருந்து, அன்றுதான். அதற்கு யாரும் யாரையும் அழைக்கமாட்டார்கள். ஒரு தடவை போனவர்கள் வருஷா வருஷம் போகவேண்டியதுதான். ஒயின் பாட்டிலோடு போனாள். அவன் மனைவி ஸோர்கா வழக்கப்படி வாசலிலேயே வேகவைத்த கோதுமையும் கரண்டியும் நீட்டினாள். ஒரு வாய் விழுங்கினாள்.

பால்கனிக்கு அவனைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னாள்.

வுகாஷின் சிகரெட்டைப் பற்றவைத்தான். "என் வீட்டு ஸ்லாவா அன்னிக்குத்தான் சொல்லணுமா?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்டா."

"எத்தனை வருஷமா இப்படித்தான் எழுதறேன். ஒரு நாளாவது நிறுத்துடான்னு சொன்னியா? சிரிச்சே."

"ஆமா."

"அப்போ உன் உரிமையையும் எடுத்துட்டாங்களா?"

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "ஆட்டுக்கறி ஆறிடும், வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்ததுபோலவே அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தான். மறுநாள் வொதோஸ்தாயிலிருந்து மொத்தமாக விலகிவிட்டான்.

நெவேனா எல்லோரும் பார்க்கும் பக்கத்தில், அந்தத் திருத்தத்தைப் படிக்காமல் சிரித்தது தான்தான் என்று எழுதினாள். புதியவர்களை வரவேற்கும் பொறுப்பை எமெஷேயிடம் கேட்டுக்கொண்டாள். எமெஷே ஒரு நிபந்தனை போட்டார். "தப்பா இருந்தாலும் பரவாயில்லை. 'இருங்க, சேர்ந்து பார்ப்போம்'னு ஒருத்தர் சொல்லாம எதையும் மூடக்கூடாது."

கோடை முடிவதற்குள் ஆட்கள் வந்தார்கள். செகெத் ஊரிலிருந்து ஒரு மாணவி, மதகு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முன்பு திட்டு வாங்கி ஓடியவர்களில்கூடச் சிலர். இவர்களெல்லாம் இத்தனை நாளும் வெளியேதான் நின்றிருக்கிறார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றது வுகாஷின் மட்டுமில்லை என்று நெவேனாவுக்குத் தோன்றும்.

இலையுதிர் காலத்தில், ருமேனியா பக்கத்து அளவுகள் திடீரென்று வருவது நின்றது. எல்லோரும் சேர்ந்து பார்த்தும் பிடிபடவில்லை. அந்தப் பகுதியை எழுதியவன் வுகாஷின். கூச்சத்தை விட்டுவிட்டு நெவேனா கூப்பிட்டாள். அவன் முழுக்கக் கேட்டான். எங்கே பார்க்கவேண்டும், எதை மாற்றவேண்டும் என்று சொன்னான். அவள் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

சரியாகிவிட்டது. உதவியவர் என்று அவன் பெயரைப் போட்டாள். மதியம் செய்தி வந்தது: "என் பேரை எடுத்துடு."

எடுத்தாள். மறுநாள் கூட்டத்தில், "யாரு கண்டுபிடிச்சது?" என்று எமெஷே கேட்டார்.

"தெரிஞ்ச ஒருத்தர்" என்றாள் நெவேனா.