போட்டாம்மாவின் புத்தகம்

கடைசிக் குடத்தை இறக்கி வைத்தபோது கஸ்தூரிக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கொண்டுவந்த காப்பி ஆறி, ஏடு படிந்து, அம்மிமேல் கிடந்தது.

உள்ளே பெஞ்சில் அப்பா மண்ணாங்கட்டி மல்லாந்து கிடந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. நேற்று டவுன் அரிசி மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

வாசலில் ஸ்டூடியோ ராஜேந்திரன் காமிராப் பையோடு நின்றான். உயிரோடு இருந்தபோது படம் எடுத்துக்கொள்ளாதவர்களைச் செத்த பிறகு பிடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பில் ஒரு பங்கு.

"தாடக் கட்ட அவுத்துட்டு நாற்காலில உட்கார வைங்க. ரெண்டு நிமிஷ வேலதான்."

மாமன் சகாதேவன் மறித்தார். "ஒண்ணும் வாணாம்பா. செத்த மொகத்த செவுத்துல மாட்டிக்கினு தெனமும் பார்க்கறதா? எங்க மச்சான் வெளிநாட்டு பொஸ்தவத்துலயே இருக்கறாரு, தெரியுமா?"

"சிரிச்சிக்கினு இருக்கறாரு" என்றாள் அம்மா உண்ணாமலை, தரையில் கிடந்தபடியே. "அவரே சொன்னாரு. போட்டாம்மா சிரிக்கச் சொன்னா, நானும் சிரிச்சேன்னு."

போட்டாம்மா என்று ஊர் கூப்பிட்டது எழுபத்தி நாலில் வந்த வெள்ளைக்காரியை. நாட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்து, அது எழுந்ததிலிருந்து தூங்குகிறவரை படம் எடுத்து, தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவள். இந்தியாவுக்குக் கஸ்தூரி அகப்பட்டாள், பத்து வயதில். அவள் சாணி வாரினால் படம், பேன் பார்த்தால் படம். கஸ்தூரி மண்டிக்குச் சோறு கொண்டுபோனபோதும் போட்டாம்மா பின்னாலேயே வந்தாள். அன்றைக்கு அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு, அவள் சொன்ன இடத்திலெல்லாம் நின்றார். ஊருக்குப் போகிற அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தனியா ஒரு படம் அனுப்பறேன்" என்று கொச்சைத் தமிழில் சொன்னாள்.

ரெண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது, பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு. அழுக்காகிவிடும் என்று ஆதிமூலம் வாத்தியார் கையில் வைத்தபடியே ஏடு ஏடாகப் புரட்டிக் காட்டிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு பக்கம் வந்தபோது பிள்ளைகளெல்லாம் "கஸ்தூரி நைனாடோய்!" என்று கத்தியது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா பார்க்கவே இல்லை. அவர் மண்டியிலிருந்து திரும்பும்போது பள்ளிக்கூடம் சாத்தியிருக்கும். ஆனால் மண்டியில் அவர் மவுசே தனி. "அமெரிக்கா வரைக்கும் ஒம் மூஞ்சி தெரியுதாமே, நம்ம மொதலாளிக்குத்தான் கண்ணு தெரியல" என்பார்கள்.

"பொஸ்தவத்துலேர்ந்து பெருசு பண்ணலாங்க" என்றான் ராஜேந்திரன். "மொகம் கட்ட வெரல் அளவாச்சும் இருக்கணும். அத்த பார்க்காம என்ன அனுப்பாதீங்க. தூக்கிட்டீங்கன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"பொழுது மலைப் பக்கம் சாயுது பாரு. போம்மா, ஓடிப்போய் வாங்கியா" என்றார் மாமா.

கஸ்தூரி ஈரப் புடவையோடு ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் ஆதிமூலம் வாத்தியாருக்குப் பீரோச் சாவி கிடைக்கவில்லை. டிராயரில் இல்லை, சட்டைப் பையில் இல்லை. கடைசியில் சாக்பீஸ் டப்பாவில் கிடந்தது. "கைய தொடச்சிக்கம்மா. கிழிக்கக் கூடாது, ஆமா" என்று நீட்டினார்.

புரட்டினாள். வேப்பங்குச்சியோடு அவள். சிலேட்டோடு அவள். அவள், அவள், அவளே. கடைசியில் மண்டி வந்தது. தூக்குவாளியோடு அவள் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை, மூட்டைக்குக் கீழே முறுக்கின கெண்டைக்கால் ரெண்டு, மடித்துக் கட்டின லுங்கி. மூட்டைக்கும் தோளுக்கும் நடுவில் கறுப்பாக நிழல்.

பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"சார், எங்க நைனா மொகம் எங்க?"

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இவன்தானேம்மா மண்ணாங்கட்டி. அந்தக் கால எனக்குத் தெரியாதா?"

அவளுக்குந்தான் தெரிந்தது. அன்றைக்குக் கத்தின எல்லாருக்குமே அந்தக் காலை வைத்துத்தான் தெரிந்திருந்தது.

மேளம் ஓங்கியது. தூக்கும்போது அடிக்கிற அடி. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வாத்தியார், "கிழிக்காத!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அவள் வந்தபோது பாடை நாலு பேர் தோளில் ஏறி வாசலைத் தாண்டியிருந்தது. ராஜேந்திரன் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எறக்குங்க! மாமா, எறக்கச் சொல்லு!"

"பைத்தியமா ஒனக்கு? தூக்கின பாடைய வாசல்ல எறக்குவாங்களா? ஊட்டுக்கு ஆவாது."

"பொஸ்தவத்துல நைனாவுக்கு மொகம் இல்ல மாமா."

மேளம் நின்றது. மாமா புத்தகத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இது அவரில்லையா?"

"அவருதான். மொகத்த காட்டு."

தூக்கினவர்களில் ஒருவன், "பாரம்ணா, சீக்கிரம் சொல்லுங்க" என்றான். யாரோ ஒருத்தி, "படம் இல்லன்னா இன்னா, மனசுல இருக்கறாரு" என்றாள்.

அம்மா எழுந்து வந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் எழுந்தாள். புத்தகத்தை அவள் பார்க்கவில்லை. தூக்கினவர்களைப் பார்த்தாள்.

"எறக்க வாணாம். தூக்கிக்கினே நில்லுங்க. அவரு மூட்டையத் தூக்கிக்கினு எவ்ளோ நேரம் நின்னிருப்பாரு. கொஞ்ச நேரம் நில்லுங்க."

நின்றார்கள். எதிர் வீட்டு மாட்டுவண்டியை மாமாவே இழுத்து வந்து பாடையை ஒட்டி நிறுத்தி, நுகத்தடியைத் தாங்கிப் பிடித்தார். ராஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கஸ்தூரியும் ஏறி, தாடைக் கட்டை அவிழ்த்து, காசை எடுத்து, அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். வாய் லேசாகத் திறந்துகொண்டது. மேலே வெறும் வானம். வெயில் முகம் முழுக்க விழுந்தது.

"வெளிச்சம் நல்லா இருக்குது" என்றான் ராஜேந்திரன், யாருக்கும் இல்லாமல்.

காமிரா ஒரு தரம் சத்தம் போட்டது. இன்னொரு தரம். பிறகு மேளம் கிளம்பியது.

ஆண்கள் போனபின் வீடு கழுவினார்கள். வாத்தியார் புத்தகத்தைக் கேட்க வாய் வராமல் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அதை மடியில் வைத்து, அந்தக் கறுப்பு நிழலை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள சிரிச்சிக்கினுதான் இருந்தாரு, இல்ல?"

"ஆமாம்மா."

அம்மா புத்தகத்தை மூடிக் கஸ்தூரியிடம் கொடுத்தாள். "வாத்தியார்கிட்ட குடுத்துடு. அவரு பொருளு."

கஸ்தூரி வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். போட்டாம்மா தனியாக அனுப்புகிறேன் என்ற அந்த ஒரு படம், அப்பாவுக்கு இன்னும் பாக்கி.