நாற்பத்தேழாவது பெயர்

கொம்புச் சத்தம் கேட்டபோது ஷிதாயே அம்மாவின் எந்தக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது அவளுக்கே நிச்சயமில்லை. இடது கால் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தாள். ஆனால் அம்மாவுக்கு வலது குதிகாலில்தான் வெடிப்பு அதிகம். ஈரத்துணி அந்த வெடிப்பில் சிக்கி நின்றது தெளிவாக நினைவிருக்கிறது. அப்படியானால் வலது காலாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கதையில் மற்றதையும் அதே பாதி நம்பிக்கையோடு கேட்டுக்கொள்வது நல்லது. கொம்பு ஊதியதில் மட்டும் சந்தேகமில்லை. அதை ஊரே கேட்டது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஊரில் யார் இறந்தாலும் 'இதிர்' என்ற சாவுச் சங்கத்தின் ஆள் அயலெவ், தகரக் கொம்போடு தெருத் தெருவாகப் போய்ச் சேதி சொல்வார். ஷிதாயே துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அம்மா போன மறுநாளே இன்னொரு சாவா? அப்படியென்றால் தெரு முழுக்க அந்த வீட்டுக்குப் போய்விடும். இங்கே எட்டிப் பார்க்காததற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

கொம்பு நின்றது. கிழவரின் கரகரத்த குரல் வேலிக்கு அந்தப் பக்கம் எழுந்தது.

"சங்கத்து ஜனங்களே! அஸ்னாகெச் அம்மா கண்ணை மூடிட்டாங்க! ஏர் பூட்டாதீங்க, கடை திறக்காதீங்க, வந்து சேருங்க!"

அது அம்மாவின் பெயர். ஷிதாயே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், "கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்டு, கொண்டுவருவதற்குள் போய்விட்டவள். சங்கத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் சாராயம் காய்ச்சும் பானையை உடைத்துப் போட்டுவிட்டு, நதிக்கு அந்தப் பக்கம் கைதட்டிப் பாடும் சபையில் போய்ச் சேர்ந்த மாதமே பெயரை அடித்துவிட்டார்கள். ஊர் 'பெந்தே' என்று அழைக்கும் அந்தச் சபையாருக்குச் சங்கத்தின் கூடாரம் கிடையாது, பெஞ்சு கிடையாது, பாடை கிடையாது. ஊர்க்காரர்களைப் புதைக்கும் மரியாம் மாதா கோயில் மதிலுக்குள் குழியும் கிடையாது.

வாசலில் சபை மூப்பர் தெபெபே கழுதை வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கால் மற்றதைவிட நான்கு விரல் குட்டை. சபையில் மொத்தம் பதினோரு பேர். தோள் கொடுக்கக்கூடிய ஆண்கள் மூன்று பேர். சபையின் இடுகாடு ஓடையைத் தாண்டி, கல்மேட்டின் உச்சியில் இருந்தது. இரண்டு மணி நேர நடை. மூன்று பேர் எப்படித் தூக்குவார்கள்?

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கழுதை வண்டில மட்டும் வேண்டாம்டி. தோள்ல எடுத்துட்டுப் போகச் சொல்லு." சபையில் முதலில் இறந்த பெரியவரை வண்டியில்தான் கொண்டுபோனார்கள். பாதி வழியில் கழுதை புல்லைப் பார்த்து நின்றுவிட்டது. கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அம்மா அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. "சரிம்மா" என்று ஷிதாயே சொல்லியிருந்தாள். சொன்னபோதே பொய் என்று தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

"காது மந்தமான மனுஷன், யார் பேரையோ மாத்தி ஊதிட்டாரு போல," என்றார் தெபெபே. "இப்ப வருவாங்க பாரு. வந்து நம்மளத்தான் திட்டுவாங்க. நீ உள்ள போ."

வந்தார்கள். வெள்ளைச் சால்வையைத் தலையில் போர்த்திய பெண்கள் முதலில் வந்தார்கள். அழுதுகொண்டே வந்தவர்கள் வேலிப்படலைத் தாண்டியதும் யார் வீடு என்று உறைத்து, பாதி அழுகையில் நின்றார்கள். பின்னால் ஆண்கள். எல்லாருக்கும் பின்னால், கக்கத்தில் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு சங்கத் தலைவர் தெஸ்ஸெமா. வேகமாக வந்தவர் வாசல் படியில் தடுக்கிவிட்டார்.

"பாத்து ஐயா," என்றார் தெபெபே. "நீங்க எறிஞ்ச கல்லுதான்."

அது உண்மை. சபையார் ஜெபிக்கும் நாட்களில் கூரைத் தகரத்தில் விழுந்த கற்களை அம்மா காலையில் பொறுக்கிவந்து வாசலில் அடுக்குவாள். முப்பத்தொரு வருஷத்தில் அது மூன்று படியாகியிருந்தது. யாரோ களுக்கென்று சிரித்து, சால்வையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

தெஸ்ஸெமா அதைக் காதில் வாங்கவில்லை. அயலெவைத்தான் தேடினார். "யோவ்! யாரு சொல்லி ஊதின?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாம எப்படி ஊதுவ? இவ பேர் நம்ம ஏட்டுல இருக்கா?"

கிழவர் கொம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கோயிலுக்குப் போயிட்டிருந்தேன். இந்த வாசல்ல தண்ணிக்குடம் ரொம்பி நின்னுச்சு. தூக்க ஆளில்ல. கதவு திறந்து கிடக்கு. எத்தனை சாவுக்கு ஊதியிருக்கேன் நான்? ஒவ்வொரு தடவையும் முதல்ல திறக்கிற கதவு இதுதான். 'யாரு மாமா?'ன்னு கேப்பா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள குடத்த முதுகுல கட்டிட்டு எனக்கு முன்னாடி போவா. இன்னைக்குக் குடம் மட்டும் நிக்குது. புரிஞ்சுபோச்சு. கை தானா கொம்புக்குப் போயிருச்சு."

"ஏட்டுல பேரில்லையேய்யா!"

"அது எனக்கு ஞாபகமே வரல தலைவரே," என்றார் அயலெவ். உண்மையாகவே வெட்கப்பட்டார். "எல்லாச் சாவுக்கும் வந்தவ. பேர் இல்லாமலா இருக்கும்னு நெனச்சுட்டேன்."

கழுதை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

ஷிதாயே கதவருகில் நின்றாள். பதினோரு வயதில் அம்மாவோடு குடம் தூக்கிப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. கூடாரத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே, கயிறு கட்டிய முளைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவாள் அம்மா. சிலர் அந்தத் தண்ணீரில் கழுவாமல் தாண்டிப் போவார்கள். "உள்ள விடாதவங்க வீட்டுக்கு ஏம்மா போற?" என்று ஒருநாள் அவள் கத்தியிருக்கிறாள். "செத்தவங்க என்னடி பண்ணினாங்க? சாவு வீட்டுல தண்ணி வேணுமில்ல," என்றாள் அம்மா. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல. அந்த பதில் போதாது என்றுதான் ஷிதாயே நகரத்துக்குப் போய் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு இருபது வருஷம் இருந்தாள். அம்மா படுத்த பிறகுதான் திரும்பினாள்.

அடுத்த வீட்டு பிஸுனேஷ்தான் முதலில் வாயைத் திறந்தாள். முப்பத்தொரு வருஷமாக வேலிக்கு மேல் குரல் மட்டும் அனுப்பியவள்; ஒருமுறைகூடக் காப்பிக்குக் கூப்பிட்டதில்லை.

"ஏன் தெஸ்ஸெமா, கொம்பு ஊதின பிறகு வராதவன் பேரை அடிக்கணும்னு சட்டம் எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஊதிட்டான். அதை வாய்க்குள்ள திருப்பி இழுக்க முடியுமா? இப்ப நான் வீட்டுக்குப் போனா என் பேரை அடிப்பியா, மாட்டியா?"

"அது..."

"உங்கம்மா செத்தன்னைக்கு அடை மழை. கூடாரத்துக்கு வெளிய நனைஞ்சுக்கிட்டு உன் கையில தண்ணி ஊத்தினது யாரு? நீ கழுவினியே, நான் பார்த்தேன்."

தெஸ்ஸெமா பதிவேட்டைத் திறந்தார். எதையும் படிக்கவில்லை. மூடினார். கழுதையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தன் தடுக்கிய கால்விரலைப் பார்த்தார்.

"வண்டியைக் காலி பண்ணுங்க," என்றார் கடைசியில். "கழுதையை ஓட்டிட்டுப் போய்க் கூடாரத்துக் கம்பை ஏத்திட்டு வாங்க. பாடையையும் எடுத்துட்டு வாங்க. என்ன எல்லாரும் பராக்குப் பாக்கிறீங்க?"

அதற்குப் பிறகு வீடு ஷிதாயேவின் கையில் இல்லை. தைலமரக் கம்புகள் வந்தன, பெஞ்சுகள் வந்தன, ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பானைகள் வந்தன. கோதுமையும் கடலையும் அடுப்பில் ஏறின. அந்த அடுப்படிக்கு முதல்முறையாக வந்த பிஸுனேஷ், மூடிகளைத் தூக்கி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விரதம். இதுல எதுலயும் வெண்ணெய் பட்டிருக்காதே? உங்க ஆளுங்கதான் வெள்ளிக்கிழமையும் பால், வெண்ணெய்னு வெளுத்துக் கட்டுவீங்களே."

"இந்த வீட்டுல வெள்ளிக்கிழமை வெண்ணெய் உருக்கினதே இல்ல அத்தை."

"ஏன், உங்களுக்குத்தான் விரதம் கிடையாதே?"

"வாசனை உங்க வீட்டுக்கு வரும்னு அம்மா உருக்க விடமாட்டா."

பிஸுனேஷ் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. பிறகு மூடியை வைத்துவிட்டு, "உப்பு எங்கடி வச்சிருக்கா உங்கம்மா?" என்று கேட்டாள்.

உடலை வெளியே எடுத்தபோது ஒரு சிக்கல் வந்தது. சங்கத்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சபையின் பதினோரு பேர் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அழக் கூடாது, தட்டிப் பாட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஒப்பாரி நிற்கும், பார்த்தால் பாட்டும் நின்றிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்கும்.

"அழறதா, தட்டறதா? ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்கடி!" என்றாள் பிஸுனேஷ்.

"நீங்க அடிக்கிற அடியிலயே நாங்க தட்டுறோம் அத்தை," என்றாள் ஷிதாயே. "கொஞ்சம் வேகமா மட்டும் அடிங்க."

அடித்தார்கள். கடைத்தெரு வருவதற்குள் அது அழுகையா கொண்டாட்டமா என்று யாருக்கும் புரியாத ஒன்றாக ஆகிவிட்டது. கொல்லன் பட்டறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, "கல்யாணமா?" என்று கேட்டான். "ஆமா, நீயும் வா!" என்றார் தெபெபே. அவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார். அவர் முறை வந்தபோதெல்லாம் பாடை அந்த மூலையில் விந்தி விந்தி ஆடியது. நாற்பது ஆண்கள் மாறி மாறித் தூக்கினார்கள். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். அங்கே தூக்கியவர்களில் ஒருவர் தெஸ்ஸெமா. செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை ஷிதாயேவிடம் நீட்டினார். "நனையாமப் பிடி," என்றார். அன்று அவர் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

மேட்டில் குழி மூடிய பிறகு, வழக்கப்படி எல்லாரும் கல்லில் உட்கார்ந்தார்கள். யார் யார் வந்தார்கள் என்று பார்க்க, தெஸ்ஸெமா ஏட்டைப் பிரித்துப் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "வந்தாச்சு" என்றார்கள். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. அவருடைய விரல் ஒரு கோட்டின் மேல் நின்றது. கோடு மெல்லியது, அடியில் இருந்த பெயரை இன்னும் படிக்க முடிந்தது.

"அஸ்னாகெச் வொல்தே," என்று வாசித்தார்.

பழக்கத்தில் வாசித்தாரா, வேண்டுமென்றேயா என்று யாருக்கும் தெரியாது. காற்றில் ஏட்டின் தாள் படபடத்தது. யார் பதில் சொல்வது?

"எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டா," என்றார் அயலெவ்.

முதலில் சிரித்தது ஷிதாயே. பிறகு பிஸுனேஷ். பிறகு மேடு முழுக்க. தெஸ்ஸெமா சிரிக்கவில்லை. பென்சிலை நாக்கில் நனைத்து, அந்தப் பெயருக்கு நேராக ஒரு குறி போட்டுவிட்டு, நாற்பத்தெட்டாவது பெயரைக் கூப்பிட்டார்.

அயலெவ் அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் இறந்தார். கொம்பு தெபெபேயிடம் வந்தது. அவர் நடை மெதுவானதால் கடைசித் தெருவுக்குச் சேதி இப்போது தாமதமாகத்தான் போகிறது. திட்டுகிறார்கள், ஆனால் வேறு ஆள் பார்க்கவில்லை. சபையாரின் பெயர்கள் ஏட்டில் ஏறின. அதற்காகச் சங்கத்தை விட்டு நான்கு குடும்பங்கள் விலகின. அதில் இரண்டு திரும்பி வந்தன. தெஸ்ஸெமா இன்றும் தலைவர். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிஸுனேஷ் ஷிதாயேவை "பெந்தே மகளே" என்று வேலிக்கு மேல் கூவித்தான் காப்பிக்குக் கூப்பிடுகிறாள். கழுதையை விற்றுவிட்டார்கள். ஷிதாயே நகரத்துக்குத் திரும்பவில்லை. கொம்பு கேட்டால் குடத்தை முதுகில் கட்டிக்கொள்கிறாள். கூரையில் கல் விழுவது அடியோடு நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விழுகிறது. நாலாவது படிக்கு இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.