குனியாத முத்திரை

1991 நவம்பர் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை முதல், தொயாமா பம்பு ஆலையில் இனகாகி ஃபுசாயே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை குனிய மறுத்துவிட்டது. அங்கே எந்தத் தாளிலும் மேலதிகாரியின் முத்திரை இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். கீழே இருப்பவர்கள் தங்களுடையதை அதன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்துவார்கள், பெயரே தலைவணங்குகிற மாதிரி. ஃபுசாயேயும் ஒன்பது வருஷம் அப்படித்தான் குத்தினாள். அன்றைக்கு முத்திரைக் கட்டையை எவ்வளவு திருப்பிப் பிடித்தாலும் சிவப்பு வட்டம் தாளில் நேராகவே விழுந்தது.

முந்தின நாள் நடந்தது இதுதான். பிரிவுத் தலைவர் முரோய் நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கியவர். பாகம் பூட்டும் பெண்களுக்கும் மூளை உண்டென்று அங்கே முதலில் நம்பியவர் அவர்தான். யோசனைப் பெட்டியில் சீட்டு விழுந்தால் மறுநாளே பதில் வரும். "செஞ்சு பாரும்மா, ஒடஞ்சா திட்டு எனக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஃபுசாயே சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் யோசித்தாள். இருநூற்றுப் பதினான்கு சீட்டு போட்டாள். கடைசியாக, சோயா சாஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டி, பம்பின் ரப்பர் வளையத்தை ஒரே அழுத்தில் மாட்டுகிற கூம்பு ஒன்று செய்தாள். திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் முரோய் அதைத் தூக்கிக் காட்டி, "வீட்ல சாப்பிடறப்ப எனக்குத் தோணிச்சுங்க" என்றார். சான்றிதழும் அவர் பெயருக்கே வந்தது. ஃபுசாயே எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். தட்டிய அந்தக் கைகளை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. புதன்கிழமை கூம்பு மறுபடி வெறும் பாட்டில் கழுத்தாகி, சோயா வாடை அடித்தது. அவள் யோசனையால் பாகம் எடுத்துவர பதினோரு அடி குறைந்திருந்த நடை அந்த வாரமே திரும்ப நீண்டுவிட்டது. கைக்கு எட்ட அவள் சாய்த்து வைத்த பாகத் தட்டுகள் தாமாக மட்டமாயின. பீரோவிலிருந்த பழைய சீட்டுகளிலும் அவள் முத்திரைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மற்றப் பெண்களும் எழுதுவதை விட்டார்கள். யோசனைப் பெட்டியில் சிலந்தி குடியேறியது. உற்பத்தி, அவள் வேலைக்குச் சேர்ந்த 1982-ல் இருந்த இடத்துக்கே போனது.

முரோய் ஒருநாள் அவள் மேசையருகே வந்து நின்றார். "இனகாகியம்மா, ஒரே ஒரு சீட்டு போடுங்க. உங்க பேர்லயே அனுப்பறேன்."

"சொல்ற வேலையச் செஞ்சுடறேன் சார். யோசனைக்கு என்ன, உங்களுக்குத்தான் சாப்பிடறப்ப தோணுமே."

எட்டு வருஷம் அவர் சாப்பிட்டார், ஒன்றும் தோன்றவில்லை. ஓய்வு பெறுகிற நாளில், கருவிகளை ஃபுசாயேயிடம் ஒப்படைக்கும் தாளில் அவர் நேராகத்தான் முத்திரை குத்தினார். அது வலப்பக்கம், ஃபுசாயேயின் பெயர் வரவேண்டிய காலிக் கட்டத்தைப் பார்த்துச் சாய்ந்து விழுந்தது. இன்னொரு தாள் எடுத்தார். அதிலும் அப்படியே. ஃபுசாயே பார்த்தாள். அவளுக்கு மனம் ஆறவில்லை. பக்கத்தில் தன்னுடையதை நேராகக் குத்தி, மை காய ஊதினாள்.

"இன்னுங் கொஞ்சம் குனிஞ்சிருக்கலாம் சார்."

தாள் அப்படியே கோப்பில் சேர்ந்தது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.